தேர்வுக்குப் பிந்தைய வகுப்பும் மாணிக்கம் சாரின் ரசமும்

போன மாதம் நிவேதா தொலைபேசியில் கூப்பிட்டாள். நான் ஓய்வுபெற்ற பாடத்திட்ட அலுவலகத்தில் இப்போது வேலை பார்க்கிற பெண். கெட்டிக்காரி, கொஞ்சம் அவசரக்காரி. சிங்கப்பூர் உயர்நிலைப் பள்ளித் தமிழ்ப் பாடத்திட்டத்தை மறுபடியும் திருத்துகிறார்களாம்.

"மேடம், டீச்சர்ஸ் கைட்ல ஒரு வரி இருக்கு. யார் எழுதினாங்கன்னு ஆபீஸ்ல ஒருத்தருக்கும் தெரியல. எடுத்துடலாமான்னு கேக்கிறாங்க. நீங்க பார்த்துச் சொல்றீங்களா?"

எந்த வரி என்று எனக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை தேக்காச் சந்தைச் சாப்பாட்டுக் கடைகளுக்கு வரச் சொன்னேன். கோயில் பூசை முடிந்ததும் நான் அங்கேதான் பசியாறுவேன். பாதிரியார் பிரசங்கத்தை நீட்டினால் அப்பக் கடையில் வரிசை நீண்டுவிடுமே என்று கவலைப்படுகிற அளவுக்குத்தான் என் பக்தி.

நிவேதா வந்ததும் வராததுமாக, என் தட்டு வரவேண்டிய இடத்தில் மடிக்கணினியை விரித்தாள். திரையில் ஓர் அட்டவணை. இடப்பக்கம் ஆசிரியர் செய்யவேண்டியவை, வலப்பக்கம் அதனால் மாணவர்களுக்கு விளையும் பயன். அலுவலகத்தில் அதைக் கற்றல் விளைவு என்போம். ஒவ்வொரு கட்டத்திலும் அறிவர், விளக்குவர், ஒப்பிடுவர் என்று வினைச்சொற்கள் வரிசையாக நின்றன. கடைசி வரிக்கு அவள் விரலைக் கொண்டுபோனாள்.

'ஆசிரியர், தமக்கு உண்மையாகவே தெரியாத ஒன்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வகுப்புக்குக் கொண்டுவந்து, மாணவர்களிடம் கேட்டுக் கற்க வேண்டும்.'

அதற்கு எதிரே இருந்த கட்டம் காலி.

"எல்லாத்துக்கும் அவுட்கம் இருக்கு மேடம். இதுக்கு மட்டும் ஒண்ணுமே இல்ல. டைப் பண்ண மறந்துட்டாங்களா?"

"முதல்ல அந்தப் பெட்டிய மூடு, அப்பம் வருது" என்றேன். அப்புறம் சொல்லத் தொடங்கினேன். அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக வேலையைத் தொடங்கியவள். பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்ததில் பாதியை முதல் வாரத்திலேயே பிள்ளைகள் பொய்யாக்கிவிட்டார்கள். மீதியை நானே மறந்துவிட்டேன். பாடநூல்களில் உள்ள குறைகளை ஆசிரியர் கூட்டங்களில் எழுந்து எழுந்து சொல்லிக்கொண்டிருந்தேன். அவ்வளவு தெரிந்தால் நீயே வந்து எழுது என்று ஒருநாள் பாடத்திட்ட அலுவலகத்துக்கு மாற்றிவிட்டார்கள். வாய் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

அங்கே எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் திருமதி பாக்கியம். குள்ளமான உருவம், பருத்திச் சேலை, தோளில் ஒரு துணிப்பை, அதற்குள் சுடுநீர்க் குடுவை. குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. யாராவது கூட்டத்தில் நீளமாகப் பேசினால் குடுவையைத் திறந்து மூடியில் ஊற்றி மெதுவாகக் குடிப்பார். பேசுகிறவர் தாமாகவே நிறுத்திக்கொள்வார்.

வகுப்பைப் பார்வையிடப் போனால் அதிகாரி மாதிரி போகமாட்டார். "உட்காரலாமா சார்?" என்று ஆசிரியரிடம் கேட்டுவிட்டுக் கடைசி வரிசையில் பிள்ளைகளின் நாற்காலியில் உட்காருவார். கையில் தாள், பேனா எதுவும் இருக்காது. ஆசிரியரைப் பார்க்கவே மாட்டார், பிள்ளைகளைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். மணி அடித்ததும் பிள்ளைகளோடு சேர்ந்து நாற்காலிகளைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்து வைப்பார். ஆசிரியர் பதற்றத்தோடு, "எப்படி இருந்துச்சு மேடம்?" என்று பின்னாலேயே வருவார்.

"நாற்காலி எல்லாம் ஏறட்டும் சார். அப்புறம் பேசுவோம்."

அந்த இடைவெளியில் ஆசிரியரின் படபடப்பு பாதி அடங்கிவிடும். அதற்காகத்தான் செய்தார் என்று எனக்குப் புரியவே வெகுகாலம் ஆயிற்று.

அந்தச் சமயம் எங்களுக்கு வந்த வேலை, வாழ்நாள் முழுவதும் கற்கும் ஆர்வத்தை வளர்க்கும்படி பாடத்திட்டத்தைச் சீர்திருத்த வேண்டும் என்பது. சொல்ல நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நாங்கள் கண்ணால் கண்டது வேறு. ஆண்டிறுதித் தேர்வு முடிந்த மறுநாள் அடுக்குமாடி புளோக்குகளின் கீழே போய்ப் பாருங்கள். பழைய பேப்பர் வாங்கும் காராங்குனிக்காரருக்காகக் கட்டி வைத்த குவியலில் தமிழ்ப் பாடநூல்தான் மேலே கிடக்கும். பாக்கியம் மேடம் ஒருமுறை அப்படி ஒரு நூலை எடுத்துவந்து அலுவலகத்தில் என் மேசைமேல் வைத்தார். நான் எழுதிய நூல்.

"மார்க் இருக்கிற வரைக்கும் எதைக் கொடுத்தாலும் நம்ம பிள்ளைங்க செய்வாங்க, ரெஜினா. மார்க் போனதுக்கப்புறம் வர்றாங்களான்னுதான் பாக்கணும்."

அதிலிருந்து அவர் ஒரு விதி வைத்தார். புதிய பாடம் எதுவானாலும், தேர்வு முடிந்து விடுமுறை தொடங்கும் முன் இருக்கும் அந்த வெற்று வாரங்களில்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த வாரங்களில் பள்ளி எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மண்டபத்தில் படம் ஓடும், திடலில் காற்பந்து, நூலகத்தில் பலகை விளையாட்டு. அவற்றோடு எங்கள் தமிழ் வகுப்பும் ஒன்று, விருப்பம் உள்ளவர்கள் வரலாம், மதிப்பெண் கிடையாது. வந்தால் பாடம் தேறியது. வராவிட்டால் நாங்கள் தோற்றோம். வேறு எந்த அலுவலகமும் இப்படித் தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாது என்று நான் முணுமுணுத்தேன்.

பாடத்தின் பெயர் 'நானே தேடுகிறேன்'. மாணவர் தமக்குத் தெரியாத ஒன்றைத் தேர்ந்தெடுத்து, நாலு பேரிடம் தமிழில் கேட்டறிந்து, வகுப்பில் வந்து சொல்ல வேண்டும். அதை உயர்நிலை இரண்டாம் வகுப்பில் நடத்த எங்களுக்கு வாய்த்தவர் மாணிக்கம் சார்.

தமிழாசிரியர்களிடையே மாணிக்கம் சாரைத் தெரியாதவர் இல்லை. தேர்வு முடிவுகளில் அவர் வகுப்பை யாரும் எட்டிப் பிடிக்க முடியாது. அவர் எழுதிய மாதிரிக் கட்டுரைகள் தீவு முழுக்க நகலாகிப் போயின. சிங்கப்பூரில் நடக்காத அத்தனை விபத்தும் அவருடைய மாணவர்களின் கட்டுரைகளில் நடந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஆம்புலன்ஸ் சரியான நேரத்துக்கு வந்திருக்கிறது. 'நல்லா' என்று யாராவது எழுதினால் சிவப்பு மையால் அடித்து ஒரு மதிப்பெண்ணை வெட்டிவிடுவார். தேய்த்த முழுக்கைச் சட்டை, கழுத்துவரை பொத்தான், கண்டிப்பு. அவரை எனக்குப் பிடிக்கும். கொஞ்சம் பயமும் உண்டு.

முதல் நாள் பழக்கதோஷத்தில் வகுப்பே வந்துவிட்டது. அவரும் பழக்கதோஷத்தில் 'தேடுவது எப்படி?' என்று கோடிட்ட இடம் நிரப்பும் தாள் அடித்து வந்திருந்தார். அடுத்த நாள் பாதிப் பேரைக் காணோம். அதற்கடுத்த நாள் மழை, திடல் ஈரம், அதனால் ஐந்தாறு பேர். அதற்குப் பிறகு நானும் பாக்கியம் மேடமும் போனபோது வகுப்பில் ஒருவருமே இல்லை. மாணிக்கம் சார் கரும்பலகையில் தேதி எழுதிவிட்டு நின்றுகொண்டிருந்தார்.

வாசலில் ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். பெயர் யாழினி. வாயாடி.

"சார், தண்ணி போத்தல விட்டுட்டேன்."

உள்ளே வந்து எடுத்தாள். காலி நாற்காலிகளைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். வெளியே அவளுடைய தோழிகள் அவசரப்படுத்தினார்கள். அவள் என்ன நினைத்தாளோ, போத்தலை மடியில் வைத்துக்கொண்டு முதல் வரிசையில் உட்கார்ந்துவிட்டாள். மாணிக்கம் சார் அந்த ஒரு பிள்ளைக்கு முழுப் பாடத்தையும் நடத்தினார், குரல் குறையாமல், மணி அடிக்கும்வரை. எனக்கு நிமிர்ந்து பார்க்கவே முடியவில்லை.

யாழினி போனதும் மூவரும் நாற்காலிகளை ஏற்றினோம். கடைசி நாற்காலியை வைத்துவிட்டு அவரே பேசினார்.

"இத்தனை வருஷமா எனக்காக வர்றாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன் மேடம். மார்க்குக்காக வந்திருக்காங்க. நான் இந்த வருஷத்தோட நிறுத்திக்கிறேன். பிரின்சிபல்கிட்ட சொல்லிடுறேன்."

சும்மா சொல்லவில்லை. முடிவு செய்துவிட்ட குரல். பாக்கியம் மேடம் அவரைத் தேற்றுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "சார், நீங்க கடைசியா புதுசா ஒண்ணு கத்துக்கிட்டது எப்ப?" என்று கேட்டார்.

மாணிக்கம் சாரின் முகம் சிவந்தது. "என்னைச் சோதிக்கிறீங்களா மேடம்?" என்றவர், சட்டென்று உட்கார வழியில்லாமல் மேசை விளிம்பில் சாய்ந்துகொண்டார். நாற்காலிகள்தான் எல்லாம் மேலே இருந்தனவே.

"கத்துக்கணும்னுதான் பாக்கிறேன். முடியல. எனக்கு ஒரு ரசம் வைக்க வரல மேடம்."

பள்ளியில் யாருக்கும் அவர் சொல்லியிருக்கவில்லை. ஜூன் விடுமுறையில் அவர் மனைவி கௌரிக்குப் பக்கவாதம் வந்திருந்தது. வலக்கை விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது. பிள்ளைகள் இல்லை. பகலில் ஒரு தாதி வந்து பார்த்துக்கொள்கிறார். இவர் பள்ளி விட்டதும் தேக்காவில் சாப்பாடு கட்டிக்கொண்டு போகிறார். அந்த அம்மா ஒரு வாய் வாங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். உடம்பு நாளுக்கு நாள் கரைகிறது. சாப்பிடவில்லையென்றால் மூக்கில் குழாய் போட வேண்டியிருக்கும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

"அவ ரசம் வச்சா பக்கத்து வீட்டுச் சீன அம்மாகூட கிண்ணம் எடுத்துக்கிட்டு வருவாங்க. அது இருந்தா சாப்பிடுவா. எனக்கு வைக்கத் தெரியல, அவளுக்குச் சொல்ல முடியல. ரெண்டு பானைய அடிப்பிடிக்க வச்சிட்டேன்."

அவர் அழவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

"நாளைக்கு இதை வகுப்புல சொல்லுங்க சார்" என்றார் பாக்கியம் மேடம்.

"என் வீட்டு விஷயத்தையா? பசங்க முன்னாடியா?" அவர் பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ரயிலில் நான் மேடத்தோடு சண்டை போட்டேன். மானத்தோடு வாழ்ந்த மனுஷனை இப்படிச் சங்கடப்படுத்தலாமா, அவர் வீட்டு அடுப்படியை வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்ல நமக்கு என்ன உரிமை என்று பொரிந்து தள்ளினேன்.

"உரிமை இல்லதான்" என்றார் அவர். அப்புறம் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "அந்தப் பிள்ளைங்களுக்கு எல்லாரும் எல்லாத்தையும் குடுத்தாச்சு, ரெஜினா. ஒரு உதவின்னு அவங்ககிட்ட யாரும் கேட்டதே இல்ல."

மறுநாள் வகுப்புக்கு யாழினி வந்தாள். கூடவே இரண்டு தோழிகளை இழுத்து வந்திருந்தாள், இரக்கப்பட்டுத்தான். மாணிக்கம் சார் பலகையில் இருந்த தேதியை அழித்தார். பிறகு 'ரசம்' என்று எழுதினார்.

"எனக்கு ரசம் வைக்கத் தெரியாது. என் மனைவிக்கு உடம்பு சரியில்லை. அவங்க வச்ச ரசம் மாதிரி வச்சுக் கொடுக்கணும். நீங்க எனக்கு உதவி செய்வீங்களா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கண்டிப்பான மனிதர் வாயிலிருந்து இப்படி ஒன்று வரும் என்று அவர்கள் நினைத்துப் பார்த்திருக்க முடியாது.

"யூட்யூப்ல பாருங்க லா சார்."

"பார்த்தேன். பத்துப் பேர் பத்து விதமாச் சொல்றாங்க. எங்க வீட்டு ரசம் எதுலயும் இல்ல."

"உங்க வீட்டு ரசம் எப்படி சார் இருக்கும்?"

வருணனைச் சொற்களைத் தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்கு அள்ளிக் கொடுத்தவர், வாயைத் திறந்தார், மூடினார். "நல்லா இருக்கும்" என்றார்.

"சார்! 'நல்லா' போட்டா நீங்க மார்க் வெட்டுவீங்க சார்!"

வகுப்பே சிரித்தது. வகுப்பு என்றால் மூன்று பேர். அவரும் சிரித்துவிட்டார். அவர் பற்கள் தெரியச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அப்புறம் அந்தப் பெண்கள் அவரைப் போலீஸ் மாதிரி விசாரிக்கத் தொடங்கினார்கள். புளிப்பு முன்னால் வருமா, காரம் முன்னால் வருமா? பூண்டு தட்டினதா, முழுசா? தக்காளி கண்ணுக்குத் தெரியுமா? அவருக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. இத்தனை வருடம் சாப்பிட்டும் கவனித்ததில்லை.

செய்தி திடல்வரை போய்விட்டது. மறுநாள் காற்பந்துக் கூட்டம் வியர்வையோடு உள்ளே வந்தது. சார் வீட்டு மசாலாப் போத்தல்களைப் பையில் கொண்டுவந்திருந்தார். எதிலும் பெயர் எழுதியிருக்கவில்லை. பிள்ளைகள் மோந்து பார்த்து, தும்மி, சண்டை போட்டு, வீட்டுக்குப் போய்க் கேட்டுவந்து, மறுபடியும் சண்டை போட்டார்கள். அத்தனையும் தமிழில். ஒருத்தி, "எங்கம்மாவுக்கே சமைக்கத் தெரியாது சார், எங்க வீட்ல வேலை செய்ற இந்தோனேசிய அக்காதான் ரசம் வைப்பாங்க. அவங்க செராய் போடுவாங்க" என்றாள். செராய் என்பது எலுமிச்சை மணம் வீசும் புல்தண்டு, மலாய்க்காரர் சமையலில் போடுவது. ரசத்துல செராயா என்று எல்லாரும் அவளை ஓட்டினார்கள்.

அப்போதுதான் யாழினி அதைக் கேட்டாள்.

"சார், உங்க வைஃப் தலையாட்டுவாங்களா?"

"ஆட்டுவாங்க."

"அப்ப அவங்களையே கேளுங்களேன். பேச வேணாம். ஆமா, இல்ல மட்டும்."

மாணிக்கம் சார் அப்படியே நின்றுவிட்டார். நாங்களும்தான். ஏனென்றால் எங்கள் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, 'ஆம், இல்லை என்று விடை வரும் வினாக்களைத் தவிர்க்கவும்; அவை சிந்தனையைத் தூண்டா' என்று எழுதியிருந்தது. எழுதியவர் பாக்கியம் மேடம். எத்தனையோ ஆசிரியர்களைப் பயிற்சிக் கூடத்தில் உட்காரவைத்து அதை நாங்கள் மந்திரம் மாதிரி ஓதியிருக்கிறோம். பாக்கியம் மேடம் குடுவையைத் திறந்தார், குடிக்கவில்லை, திரும்ப மூடிவிட்டார்.

அன்று பிள்ளைகள் அந்த அம்மாவுக்காக ஆம், இல்லைக் கேள்விகள் எழுதினார்கள். அது எவ்வளவு கஷ்டம் என்று செய்து பார்த்தால்தான் தெரியும். ஒரு கேள்வியில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும், முன்னால் வந்த பதிலை வைத்து அடுத்ததைக் கேட்க வேண்டும், களைப்படையவும் விடக்கூடாது. எதை முதலில் கேட்பது என்று மணி அடித்த பிறகும் வாதாடினார்கள். செராயையும் கடைசியில் சேர்த்துவிட்டார்கள், கேலிக்காக.

அடுத்த வகுப்பில் உட்கார இடமில்லை. நான் சுவரோரம் நின்றேன். மாணிக்கம் சார் உள்ளே வந்து பையை வைத்தார்.

"சக்கர நாற்காலியில சமையலறைக்குக் கூட்டிட்டுப் போனேன். இத்தனை மாசமா நான் அவங்களைப் படுக்கையை விட்டு அங்க கொண்டுபோனதே இல்ல. நீங்க எழுதின ஒவ்வொண்ணாக் கேட்டேன். தலையாட்டினாங்க. தப்பாக் கேட்டா முறைச்சாங்க." செராய் சொன்ன பெண்ணின் பக்கம் திரும்பினார். "கடைசியில செராய் போடுவியான்னு கேட்டேன். உடனே தலையாட்டல. இடது கையால நாற்காலியைத் தட்டித் தட்டிச் சிரிச்சாங்க, அப்புறம் ஆமான்னு தலையாட்டினாங்க. இத்தனை வருஷம் எனக்குத் தெரியாம போட்டிருக்காங்க."

செராய் சொன்ன பெண் எழுந்து நின்று கையை உயர்த்திக் கத்தினாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

"சாப்பிட்டாங்களா சார்?" என்று யாழினி கேட்டாள்.

"ஒரு கிண்ணம் குடிச்சாங்க. அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாங்க. இன்னும் கொஞ்சம் வேணும்னு."

மணி அடித்தது, பிள்ளைகள் போனார்கள். நாற்காலிகள் எல்லாம் ஏறின. மாணிக்கம் சார் தன் பையிலிருந்து ஒரு குடுவையை எடுத்து, மூடியில் ரசம் ஊற்றிப் பாக்கியம் மேடத்திடம் நீட்டினார். மேடம் குடித்தார்.

"எப்படி இருக்கு மேடம்?"

"நல்லா இருக்கு சார்."

"ஒரு மார்க் வெட்டிட்டேன்" என்றார் மாணிக்கம் சார். மேடம் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். நான் வெளிப்படையாகவே அழுதேன். முதல்வரிடம் போகும் பேச்சை அவர் அதன்பிறகு எடுக்கவில்லை. ஓய்வு வயது வரும்வரை அதே பள்ளியில் இருந்தார்.

பாடத்திட்டத்துக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். குழு கூடியது, பாராட்டியது. மதிப்பீடு இல்லாமல் எப்படி என்று கேட்டு, பத்து மதிப்பெண் போட்டது. போட்டவுடன் தனியார் துணைப்பாட வகுப்புகளில் 'நானே தேடுகிறேன்' பாடத்துக்கு மாதிரி விடைகள் வந்துவிட்டன. பிள்ளைகள் தாங்கள் தேடியதை மனப்பாடம் செய்து ஒப்பித்தார்கள். அடுத்த திருத்தத்தில் பாடமே போய்விட்டது. பாக்கியம் மேடம் கோபப்படவில்லை. கையேட்டின் முதல் பக்கத்தில் இருந்த ஆம், இல்லை விதியைத் தம் கையாலேயே அடித்தார். கடைசிப் பக்கத்தில் அந்த ஒரு வரியைச் சேர்த்தார். அதுதான் மிச்சம்.

நான் சொல்லி முடித்தபோது என் அப்பம் ஆறிப்போயிருந்தது. நிவேதா மடிக்கணினியைத் திரும்பத் திறந்தாள். அவள் மூக்கு சிவந்திருந்தது, ஆனாலும் வேலையை விடாத பெண்.

"அப்ப இதுக்கு எதிர்ல என்ன மேடம் போடுறது? அவுட்கம்னு ஏதாச்சும் போட்டாத்தான் வைக்க விடுவாங்க."

"'அந்த அம்மா சாப்பிட்டாங்க'ன்னு போடும்மா."

அவள் விசைப்பலகையில் விரலை வைத்து, திரும்ப எடுத்துக்கொண்டாள்.

"அந்தக் கட்டத்துல அத எழுத முடியாது மேடம்."

"தெரியும். அதான் காலியா விட்டோம்."